நாலு பேர் நாலு கண்ணால பாக்கணும்: நெட்ல கிடைக்குற தேடல் பாடத்த டீச்சருங்க எப்படி எடை போடுறது

நாளைக்கு மூணாவது பீரியட்ல கம்ப்யூட்டர் லேப் கிடைச்சிருக்கு, பசங்கள வெறுமனே உக்கார வைக்காம எதையாவது தேடி யோசிச்சு செய்ய வைக்கணும்னு ஒரு டீச்சர் நெனைக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. நெட்ல தேடினா எகிப்து மம்மி, மழைக்காடு, எரிமலை, சூரியக் குடும்பம்னு ரெடிமேட் பாடம் எக்கச்சக்கமா வந்து விழும். எல்லாத்துலயும் அழகா ஒரு படம் இருக்கும், "நீங்கள் ஒரு விஞ்ஞானி"னு ஒரு ஆரம்பம் இருக்கும், பத்து லிங்க் இருக்கும், கடைசில மார்க் போடுற டேபிள் இருக்கும். வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். அதுல எது பசங்கள நெஜமா யோசிக்க வைக்கும், எது காப்பி அடிச்சு ஒட்டுற வேலையா முடியும்னு க்ளாஸுக்கு போறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்குறது எப்படி? இதுக்குன்னே டீச்சருங்களுக்காக ஒரு பயிற்சி இருக்கு. அமெரிக்காவுல சான் டியாகோ ஸ்டேட் யுனிவர்சிட்டில பெர்னி டாட்ஜ்னு ஒரு பேராசிரியர் உண்டாக்கினது, பேரு "வெப்க்வெஸ்ட் பத்தி ஒரு வெப்க்வெஸ்ட்". ரொம்ப பழசுதான், ஆனா எனக்கு தெரிஞ்சு இத விட நேர்மையா ஒரு டீச்சர எடை போட பழக்குற பயிற்சி இல்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல வெப்க்வெஸ்ட்னா என்னனு சொல்லிடுறேன். பசங்க தேடிக் கத்துக்குற மாதிரி ஒரு வேலை, அதுக்கு வேணும்ங்கிற தகவல்ல கொஞ்சமோ முழுசோ இணையத்துல இருந்து வரும், டாட்ஜ் கொடுத்த விளக்கத்தோட சாரம் அவ்ளோதான். அதுக்கு ஒரு அமைப்பு உண்டு: அறிமுகம், செய்ய வேண்டிய வேலை அதாவது டாஸ்க், அத செய்யுற வழிமுறை, படிக்க வேண்டிய லிங்க், எப்படி மார்க் போடுவோம்ங்கிற விவரம், கடைசில முடிவுரை. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா லிங்க எல்லாம் டீச்சரே முன்கூட்டி தேடி எடுத்து வச்சிருப்பாங்க. பசங்க தேடுறதுலயே நேரத்த கரைக்காம, கிடைச்ச தகவல வச்சு என்ன செய்யுறதுனு யோசிக்குறதுல நேரம் போகணும்ங்கிறதுதான் அதுக்கு காரணம். ஒண்ணுல இருந்து மூணு பீரியட்ல முடியுற சின்ன வெப்க்வெஸ்ட்டும் உண்டு, ஒரு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் இழுக்குற பெருசும் உண்டு.

இது பொறந்த கதைய கேட்டா இந்தப் பயிற்சி ஏன் இப்படி இருக்குனு புரியும். 1995 பிப்ரவரி, கூகுள் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. டாட்ஜ் வருங்கால டீச்சருங்களுக்கு, நம்ம ஊரு பி.எட். மாதிரின்னு வச்சுக்கலாம், க்ளாஸ் எடுத்துட்டு இருந்தார். ஆர்க்கியோடைப்னு ஒரு சாஃப்ட்வேர், பசங்க தொல்லியல் அகழாய்வு செய்யுற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்குற சிமுலேஷன், அத அவங்களுக்கு காட்டணும்னு ஆசை, ஆனா அவர் கையில காப்பி இல்ல. சரினு அவர் என்ன பண்ணினார்னா, அந்த சாஃப்ட்வேர பத்தின மதிப்பீட்டு அறிக்கை, அதப் பத்தி இருந்த சில சைட்டுங்க, அத நெஜமாவே க்ளாஸ்ல பயன்படுத்தின நியூயார்க் டீச்சர் ஒருத்தரோட வீடியோ வழியா ஒரு பேச்சு, இதெல்லாம் சேத்து வச்சுட்டு, மாணவர்கள குழு குழுவா பிரிச்சு, "நீங்க பயிற்சிக்கு போற ஸ்கூல்ல இத பயன்படுத்தலாமா, எப்படி பயன்படுத்துவீங்க?"னு கேட்டுட்டார். ரெண்டு மணி நேரம் அவர் அதிகமா பேசவே இல்லயாம், சுத்தி வந்து காதுல வாங்கினப்ப அந்தப் பேச்சு எவ்ளோ ஆழமா இருந்துச்சுனு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அப்புறம் டாம் மார்ச்னு இன்னொரு கல்வியாளரும் அவரும் சேந்து அந்த அமைப்ப வளத்தெடுத்தாங்க. கவனிச்சீங்களா, உலகத்தோட மொத வெப்க்வெஸ்ட்டே டீச்சருங்க ஒரு பாடக் கருவிய எடை போட்ட வேலைதான். பசங்களுக்குனு வந்ததெல்லாம் அதுக்கப்புறம்.

பயிற்சிக்கு வருவோம். அஞ்சு வெப்க்வெஸ்ட் கொடுப்பாங்க. நாலு பேர் ஒரு குழு. அஞ்சுல நல்லது ரெண்டு எது, மோசமானது ரெண்டு எது, ஏன், அப்புறம் "நல்லது, மோசம்"னு நீங்க சொல்றதுக்கு உங்க அகராதியில என்ன அர்த்தம், இதான் கேள்வி. ஆனா நாலு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு பாக்க முடியாது, ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தர் எஃபிஷியன்ஸி எக்ஸ்பர்ட், நான் நேரக்காரர்னு சொல்லிக்குறேன்: க்ளாஸ் நேரம் வீணாகுதா இல்லயா, பசங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்னு எப்பவும் தெரியுதா, செலவாகுற நேரத்துக்கு தகுந்த படிப்பு கிடைக்குதா, இதத் தவிர அவர் எதையும் பாக்க மாட்டார். சின்ன வேலை ஒண்ண சுருக்கமா ஒழுங்கா கத்துக்கொடுத்தா அவருக்கு சந்தோஷம், ஒரு வாரம் இழுத்தா அந்த அளவுக்கு ஆழம் இருக்கணும். அடுத்தவர் அஃபிலியேட்டர், கூட்டுக்காரர்: பசங்க சேந்து பேசி முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கா, ஒரே ஒரு பையன் தனியா உக்காந்து முடிச்சிட முடியும்னா அவருக்கு அது வேண்டாம். மூணாவது ஆல்டிட்யூடினிஸ்ட், இது டாட்ஜ் உண்டாக்கின வார்த்தைதான், உயரக்காரர்: யோசனை எவ்ளோ உயரத்துக்கு போகுது, வெறும் மனப்பாடத் தகவலா, இல்ல அலசி பாத்து பல பக்கத்துல நின்னு முடிவு சொல்ற வேலையா. நாலாவது டெக்னோஃபைல், டெக்னாலஜிக்காரர்: இணையத்த உருப்படியா பயன்படுத்தியிருக்கா, கலரு, அசையுற படம், சுவாரசியமான லிங்க் இருக்கா, இத ஒரு பேப்பர் வொர்க்‌ஷீட்லயே செஞ்சிருக்கலாம்னா எதுக்கு கம்ப்யூட்டர்னு கேப்பார்.

மொதல்ல தனித்தனியா பாத்து குறிச்சுக்கணும், அப்புறம் நாலு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரே பதில் சொல்லணும். அங்கதான் சண்டை வரும். அந்தச் சண்டைக்காகவேதான் மொத்தத்தையும் அப்படி வடிவமைச்சிருக்காங்கனு நான் நெனைக்கிறேன், ஏன்னா நேரக்காரருக்கு பிடிச்சது உயரக்காரருக்கு சப்புனு இருக்கும், டெக்னாலஜிக்காரர் கொண்டாடுறத கூட்டுக்காரர் தூக்கி ஓரமா வைப்பார். நாலு பேரும் நியாயமாத்தான் பேசுவாங்க. நாம தனியா ஒரு பாடத்த பாக்குறப்ப இந்த நாலுல எதோ ஒரு கண்ணாலதான் பாக்குறோம், அது எந்தக் கண்ணுனு நமக்கே தெரியாது. எனக்கு அது நேரக்காரர் கண்ணு, பல வருஷமா. சிலபஸ் முடியலங்குற பயத்துல எத பாத்தாலும் மொதல்ல "எத்தன பீரியட்?"னுதான் கேப்பேன், அதனாலயே நல்ல பாடம் சிலது கை நழுவிப் போயிருக்கு. கூட்டுக்காரர் வேஷம் என் கையில வந்தப்பதான் அது எனக்கு தெரிஞ்சுது.

சும்மா கொள்கையா பேசினா புரியாது, ஒரு உதாரணம் எடுப்போம். அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அங்க இருந்த ஓநாய்ங்கள 1926-க்குள்ள வேட்டையாடி முடிச்சுட்டாங்க. அப்புறம் 1995-ல கனடாவுல அல்பெர்ட்டாவுல இருந்து 14 ஓநாய்ங்கள கொண்டு வந்து விட்டாங்க, 1996-ல பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருந்து இன்னும் 17. மாடு, ஆடு வளக்குற பண்ணைக்காரங்க கடுமையா எதிர்த்தாங்க, உயிரியல் ஆட்கள் வேணும்னாங்க, கோர்ட்டு கேஸ் எல்லாம் நடந்துச்சு. இந்த விஷயத்த வச்சு ரெண்டு டீச்சர் ரெண்டு பாடம் செய்யுறாங்கன்னு வச்சுக்குவோம், ரெண்டும் நானா கட்டுற உதாரணம்தான்.

மொத டீச்சரோட டாஸ்க் இப்படி இருக்கு: ஓநாய் எவ்ளோ எடை இருக்கும், என்ன சாப்பிடும், எத்தன குட்டி போடும், எந்த வருஷம் யெல்லோஸ்டோனுக்கு வந்துச்சு, கீழ இருக்குற லிங்க்ல கண்டுபிடிச்சு ஒரு ஸ்லைடு ஷோ செய்யுங்க. இரண்டாவது டீச்சரோடது: பூங்காவுக்கு பக்கத்துல ஒரு கவுண்டி, நம்ம ஊரு மாவட்டம் மாதிரி, அங்க ஓநாய்ங்கள சுட அனுமதி கேட்டு மனு வந்திருக்கு, நீங்க நாலு பேரும் அத விசாரிக்குற குழு, ஒருத்தர் பண்ணைக்காரர் சொல்றத படிச்சுட்டு வரணும், ஒருத்தர் எல்க் மான் கணக்கெடுப்ப படிக்கணும், ஒருத்தர் டூரிஸ்ட் வருமானத்த பாக்கணும், ஒருத்தர் ஆஸ்பென், வில்லோ மரம் திரும்ப வளந்துச்சா இல்லயானு ஆராய்ச்சி செஞ்சவங்க என்ன சொல்றாங்கனு பாக்கணும், கடைசில நாலு பேரும் கையெழுத்து போட்ட ஒரே தீர்ப்பு ஒரு பக்கத்துல வேணும்.

ரெண்டுலயும் தலைப்பு ஒண்ணுதான், லிங்க் கூட பாதி ஒண்ணாவே இருக்கலாம். மொத பாடத்துக்கு டெக்னாலஜிக்காரர் கை தட்டுவார், ஸ்லைடு, படம், ஓநாய் ஊளையிடுற சத்தம் எல்லாம் இருக்கு. நேரக்காரரும் பரவாயில்லம்பார், ஒரு பீரியட்ல முடிஞ்சிடும். உயரக்காரர் எழுந்து போயிடுவார், ஏன்னா ஒரு வரி காப்பி, ஒரு வரி பேஸ்ட், யோசிக்க எங்கயும் எடமில்ல. இரண்டாவதுல கதை மாறும். ஓநாய் வந்ததால மரம் வளந்துச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும், அது அவ்ளோ எளிய கணக்கு இல்ல, கரடி, வறட்சி, மனுஷன் வேட்டையாடுறது எல்லாம் சேந்துதான்னு இன்னொரு கூட்டம் ஆராய்ச்சியோட மறுக்கும். படிக்குற இடத்துலயே கருத்து வேறுபாடு இருக்குறதால எந்த லிங்க்ல இருந்தும் விடைய அப்படியே எடுக்க முடியாது, பசங்க ஒரு பக்கம் நிக்கணும், ஏன் நிக்குறோம்னு சொல்லணும். ஆனா நேரக்காரர் இங்க கேக்குற கேள்வி ரொம்ப சரியானது: ஏழாங்கிளாஸ் பையனுக்கு அந்த ஆராய்ச்சிக் கட்டுரை புரியுமா, புரியலன்னா ஒரு பீரியட் முழுக்க திருதிருனு முழிச்சுட்டு கடைசில "ஓநாய் நல்லது"னு எழுதிட்டு போயிட மாட்டானா?

இதுல வேஷத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம். நெட்ல இருக்குற பாதி பாடத்துல "நீ ஒரு பத்திரிகையாளர், நீ ஒரு விஞ்ஞானி, நீ ஒரு வரலாற்றாளர்"னு பேர் மட்டும் பிரிச்சு கொடுத்துட்டு நாலு பேருக்கும் அதே அஞ்சு லிங்க், அதே கேள்வி. அது வேஷம் இல்ல, சட்டை. ஆளுக்கு ஒரு துண்டு தகவல் மட்டும் கொடுத்து, சேத்தாத்தான் முழுசாகும்னு செஞ்சாத்தான் பேசியே ஆகணும்னு ஒரு நெருக்கடி வரும். இந்த யோசனை வெப்க்வெஸ்ட்டுக்கு முன்னாடியே இருந்தது, 1971-ல டெக்சஸ்ல ஆஸ்டின் நகரத்துல எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியலாளர், வெள்ளைக்கார பசங்களும் கறுப்பின, மெக்சிகன் பசங்களும் மொத தடவையா ஒரே க்ளாஸ்ல உக்காந்து முறைச்சுட்டு இருந்த நேரத்துல, ஆளுக்கு ஒரு துண்டு பாடம் கொடுத்து மத்தவங்களுக்கு கத்துக்கொடுக்க வச்சார், ஜிக்ஸா க்ளாஸ்ரூம்னு பேரு. கூட்டுக்காரர் வேஷத்துல உக்காருறவங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இந்தக் குழுவுல ஒரு பையன் இன்னிக்கு லீவு போட்டா வேலை நின்னு போகுமா? நிக்கலன்னா அந்த வேஷம் தேவையே இல்லாதது.

டாஸ்க்தான் உசுருங்கறதுல டாட்ஜுக்கும் சந்தேகமே இல்ல, அதனாலதான் பின்னாடி டாஸ்க்குங்கள 12 வகையா பிரிச்சு டாஸ்க்கானமினு ஒரு பட்டியல் போட்டார். படிச்சத திரும்பச் சொல்றது, தொகுக்குறது, மர்மத்த துப்பறியுறது, செய்தியா எழுதுறது, வடிவமைக்குறது, கற்பனையா படைக்குறது, பேசி ஒத்துப்போறது, எதிராளிய சம்மதிக்க வைக்குறது, தன்னையே தெரிஞ்சுக்குறது, அலசுறது, தீர்ப்பு சொல்றது, அறிவியல் முறையில சோதிக்குறது. இதுல மொதல்ல இருக்குற திரும்பச் சொல்றதுதான் ரொம்ப லேசானது, நெட்ல அதிகமா கிடைக்குறதும் அதுதான். பெஞ்சமின் ப்ளூம்னு ஒரு கல்வியாளர் 1956-லயே யோசனைய படிப்படியா அடுக்கி காட்டினார், 2001-ல ஆண்டர்சனும் க்ராத்வோலும் அத திருத்தி உச்சியில "படைக்குறது"ங்கறத வச்சாங்க. இத தப்பா புரிஞ்சுக்கிட்டு போஸ்டர், ஸ்லைடு, வீடியோன்னு ஏதாவது செய்யச் சொன்னாலே உச்சிக்கு போயிட்டதா நெறய பேர் நெனைச்சுக்குறாங்க. விக்கிபீடியாவுல இருக்குற ஒரு பாராவ ஸ்கெட்ச் பேனால சார்ட் பேப்பர்ல எழுதினா அது படைப்பு இல்ல, அது திரும்பச் சொல்றதுதான், கலர் மட்டும் சேந்திருக்கு. பாக்க வேண்டியது பையன் கையில என்ன வந்து நிக்குதுங்கறத இல்ல, அது வர்றதுக்கு அவன் மனசுக்குள்ள என்ன நடந்தாகணும்ங்கறத.

இப்ப மார்க் டேபிளுக்கு வரேன். 2001-ல சான் டியாகோ குழு வெளியிட்ட ரூப்ரிக் ஒண்ணு இருக்கு, வெப்க்வெஸ்ட்ட எடை போட உலகம் முழுக்க டீச்சருங்க எடுத்துக்கிட்டது, மொத்தம் 50 மார்க். பக்கத்தோட தோற்றம், வழி, எழுத்துப்பிழை இதுக்கெல்லாம் சேத்து 10, அறிமுகத்துக்கு 4, டாஸ்க்குக்கு 10, வழிமுறைக்கு 12, லிங்க்குக்கு 8, பசங்கள எப்படி மதிப்பிடுவோம்னு தெளிவா சொன்னதுக்கு 6. டாஸ்க்கோட 10-ல பாடத்திட்டத்தோட பொருந்துறதுக்கு 4, யோசனையோட உயரத்துக்கு 6. வழிமுறைல அதிகபட்சம், கைபிடிச்சு ஏத்திவிடுற உதவிக்கு, அதாவது ஸ்கஃபோல்டிங்குக்கு, 6. நடுவுல விழுற மாதிரி இருந்தா நடு மார்க் போட்டுக்கலாம்னும் சொல்லியிருக்காங்க.

நல்ல ரூப்ரிக்தான், ஆனா நான் இதுல ஒரு கணக்கு போட்டு பாத்தேன். டாஸ்க்ல யோசனைக்கு பூஜ்யம் வாங்கின ஒரு பக்கம், மத்த எல்லாத்துலயும் முழு மார்க் வாங்கினா 50-க்கு 44 வரும். நம்ம பரிட்சை கணக்குல அது டிஸ்டிங்ஷன். அழகான, பிழையில்லாத, சிலபஸோட கச்சிதமா ஒட்டுற, காப்பி பேஸ்ட் வேலை ஒண்ணு டிஸ்டிங்ஷன் வாங்கிடும்! நெஜத்துல டாஸ்க் மட்டமா இருந்தா வழிமுறையிலயும் மார்க் கொஞ்சம் இறங்கும்தான், இருந்தாலும் கூட்டி போடுற எந்த முறையிலயும் இந்த ஓட்டை இருக்கும். அதனால நான் கூட்டுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரிசைய மட்டும் மொதல்ல பாப்பேன், அதுல மூணுக்கு கீழ இருந்தா மிச்சத்த படிக்குறதே இல்ல. எழுத்துப்பிழைய திருத்த பத்து நிமிஷம் போதும், டாஸ்க்க மாத்துறதுனா பாடத்தையே புதுசா எழுதுறதுதான்.

ஸ்கஃபோல்டிங்குக்கு எதுக்கு அவ்ளோ மார்க்னு கேக்கலாம். பசங்கள தேட விட்டா போதும், தானா கத்துக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை கல்வி உலகத்துல ரொம்ப நாளா உண்டு. 2006-ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், க்ளார்க்னு மூணு ஆய்வாளருங்க சேந்து அத நேரடியா அடிச்சாங்க, வழிகாட்டல் கம்மியா இருக்குற பாடம் புதுசா கத்துக்குறவங்களுக்கு வேலை செய்யாது, ஏன்னா யோசிக்குறப்ப தகவல மனசுல பிடிச்சு வச்சுக்குற நினைவு, அதாவது வொர்க்கிங் மெமரி, ரொம்ப சின்னது, தேடுறதுலயே அது நிரம்பிடும், கத்துக்க எடம் இருக்காதுன்னு. அடுத்த வருஷமே ஹ்மெலோ-சில்வர், டங்கன், சின் மூணு பேரும் பதில் எழுதினாங்க: நல்ல தேடல் பாடம்னா வழிகாட்டல் இல்லாத பாடம்னு யார் சொன்னது, அதுல வழிகாட்டல் நெறயவே இருக்கு, நீங்க ரெண்டையும் ஒண்ணா குழப்புறீங்கன்னு. ரெண்டு பக்கமும் படிச்ச பிறகு ஒரு டீச்சருக்கு மிஞ்சுற கேள்வி ஒண்ணுதான், பையன் தடுக்கி விழுற இடம் எதுன்னு இந்தப் பாடத்த எழுதினவருக்கு தெரிஞ்சிருக்கா? அந்த ஓநாய் பாடத்துல, எல்க் கணக்கெடுப்பு டேபிள எப்படி படிக்கணும்னு ஒரு சின்ன குறிப்பு, ரெண்டு பேர் முரண்பட்டா எத வச்சு ஒப்பிடணும்னு ஒரு காலி அட்டவணை, "எனக்கு இது சரினு படுது, ஏன்னா..."னு ஆரம்பிச்சு கொடுக்குற ஒரு வரி, இதெல்லாம் இருந்தா நேரக்காரரோட பயத்துல பாதி தீந்துடும். இல்லன்னா டாஸ்க் எவ்ளோ உயரமா இருந்தாலும் ஏணி இல்லாத பரண்தான்.

லிங்க் விஷயம் சீக்கிரம் சொல்லிடலாம், ஆனா க்ளாஸ்ல அதிகமா கழுத்தறுக்குறது அதுதான். ஜியோசிட்டீஸ்னு இலவசமா வெப் பக்கம் வச்சுக்க விட்ட ஒரு சைட்ல நெறய டீச்சருங்க பக்கம் வச்சிருந்தாங்க, 2009-ல அத மூடிட்டாங்க. அசையுற படம், விளையாட்டெல்லாம் ப்ரௌசர்ல ஓட்டின ஃப்ளாஷ்ங்கற சாஃப்ட்வேர்ல செஞ்ச அத்தன பாடமும் 2020 டிசம்பர் 31-ஓட அடோபி நிறுத்தினதும் கறுப்பு பெட்டியா போச்சு. அதனால இன்னிக்கு டெக்னாலஜிக்காரர் வேஷம் போடுறவங்க கலரு, அசையுற படம் எல்லாத்தையும் விட்டுட்டு வேற பாக்கணும்: எல்லா லிங்க்கும் இன்னிக்கு திறக்குதா, ஸ்கூல் நெட்ல திறக்குதா, பழைய ஃபோன்ல திறக்குதா, பசங்கள அக்கவுண்ட் ஆரம்பிக்க சொல்லி ஈமெயில் கேக்குதா, விளம்பரத்துல என்ன வருது. அப்புறம் லிங்க்ல இருக்குறவன் யாரு, எதுக்கு எழுதினான். 1998-ல இருந்து நெட்ல "பசிபிக் வடமேற்கு மர ஆக்டோபஸ்"னு ஒரு சைட் இருக்கு, மரத்துல வாழுற ஆக்டோபஸ் அழியப் போகுது காப்பாத்துங்கன்னு படத்தோட, முழுக்க கட்டுக்கதை. கனெக்டிகட் யுனிவர்சிட்டியோட டொனால்ட் லூ குழு ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு அத காட்டினப்ப, இணையத்துல நல்லா படிக்கத் தெரிஞ்ச பசங்களே நம்பிட்டாங்க. டீச்சர் கொடுத்த லிங்க்னா பசங்க இன்னும் சுலபமா நம்புவாங்க, ஏன்னா கொடுத்தது டீச்சர். அதனால எல்லா லிங்க்கையும் சுத்தமா பொறுக்கி வைக்குறத விட, முரண்படுற ரெண்டு லிங்க்க வேணும்னே வச்சு எத நம்புறதுனு கேக்குற பாடம் எனக்கு ஒரு படி மேல.

வெப்க்வெஸ்ட்டுக்கு மட்டும் இல்ல, சிமுலேஷனுக்கும் இதே அளவுகோல்தான். கொலராடோ யுனிவர்சிட்டில, நோபல் வாங்கின கார்ல் வீமன் 2002-ல ஆரம்பிச்ச ஃபெட் (PhET) சிமுலேஷன்ங்கள எடுங்க, இலவசம், தமிழ்லயும் சிலது இருக்கு. கரண்ட் சர்க்யூட் கட்டுற சிமுலேஷன்ல ஒரு வொர்க்‌ஷீட் "9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் ரெசிஸ்டர் வை, எத்தன ஆம்பியர்னு எழுது"னு கேக்கும், 0.9-னு எழுதிட்டு பையன் அடுத்த வரிக்கு போவான். இன்னொரு வொர்க்‌ஷீட் "ரெண்டு பல்பும் ஒரே வெளிச்சத்துல எரியணும், ஒண்ண கழட்டினா இன்னொண்ணு அணையக் கூடாது, எப்படி கட்டுவ, ஏன் அது வேலை செய்யுது"னு கேக்கும். சிமுலேஷன் அதேதான். 2008-ல பாஞ்சியும் பெல்லும் தேடல் பாடத்த நாலு படியா பிரிச்சாங்க, விடை தெரிஞ்சத உறுதிப்படுத்துறது, கேள்வியும் வழியும் கொடுத்து விடைய மட்டும் தேட விடுறது, கேள்விய மட்டும் கொடுக்குறது, கடைசியா கேள்வியவே பசங்க கேக்குறது. மொத வொர்க்‌ஷீட் மொத படி, இரண்டாவது மூணாம் படி. மொத படி தப்பில்ல, பழகுறதுக்கு அது வேணும், ஆனா அதுக்கு "தேடல் பாடம்"னு தலைப்பு போட்டு கொடுத்தா அது தப்பு. ஒரு பாடத்த எடுத்ததும் கேள்வி யாரோடது, வழி யாரோடது, விடை யாரோடதுனு ஓரத்துல எழுதிக்கிட்டா எந்தப் படின்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தப்புறம் இதெல்லாம் பழசாயிடுச்சுனு சிலர் சொல்றாங்க. எனக்கு நேர் எதிரா தோணுது, உயரக்காரருக்கு இப்பதான் ஒரு நல்ல அளவுகோல் கிடைச்சிருக்கு. டாஸ்க்க அப்படியே எடுத்து சாட்ல போடுங்க. வர்ற பதில், அந்தப் பாடமே கொடுத்திருக்குற மார்க் டேபிள் படி எவ்ளோ வாங்கும்னு நீங்களே போட்டு பாருங்க. முழு மார்க் வாங்கினா அந்த டாஸ்க்ல பையனுக்கு செய்ய ஒண்ணுமே இல்ல, 1995-லயும் அங்க ஒண்ணும் இருந்திருக்காது, அன்னிக்கு காப்பி அடிக்க கொஞ்சம் அதிக நேரம் ஆச்சு, அவ்ளோதான். நாலு பேரும் ஒத்துக்கிட்ட தீர்ப்பு, அத மத்த குழு கேள்வி கேக்குறப்ப வாயால காப்பாத்துறது, இந்த லிங்க்ல இந்தப் பத்தியில இருக்குறத வச்சுத்தான் பேசணும்ங்கற கட்டுப்பாடு, முடிவ மாத்திக்கிட்டா எங்க மாத்திக்கிட்டேன்னு எழுதுறது, இதெல்லாம் இருக்குற டாஸ்க் இன்னிக்கும் தாங்கும். தீர்ப்பு வாசகத்த மெஷின் எழுதி தரலாம், ஆனா பண்ணைக்காரர் பக்கம் படிச்ச பொண்ணு எதுக்காக விட்டுக்கொடுத்தானு அவதான் சொல்லணும்.

பயிற்சிய உங்க ஸ்கூல்லயே நடத்திப் பாக்கணும்னா பெருசா ஒண்ணும் வேண்டாம், நாலு டீச்சர், நீங்க எடுக்க நெனைக்குற மூணோ அஞ்சோ பாடம், ஒரு மதியம். வேஷத்த பிரிக்குறப்ப மட்டும் ஒண்ணு செய்யுங்க, யாருக்கு எது இயல்போ அத கொடுக்காதீங்க. கண்டிப்பான கணக்கு டீச்சருக்கு கூட்டுக்காரர், கம்ப்யூட்டர் சாருக்கு உயரக்காரர். பாடத்த மேலோட்டமா படிச்சுட்டு மார்க் போடவும் கூடாது, ஒரு குழுவாவது பசங்க மாதிரியே உக்காந்து டாஸ்க்க ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் செஞ்சு பாக்கணும், கையில கடிகாரத்தோட. மூணு லிங்க்க படிக்கவே பெரியவங்களுக்கு இருபது நிமிஷம் ஆகுதுனா ஏழாங்கிளாஸுக்கு எவ்ளோ ஆகும்னு அங்கயே தெரிஞ்சிடும்.

அப்புறம் அந்தப் பாடத்த க்ளாஸ்ல எடுத்து முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே, ரூப்ரிக் பேப்பரோட பின்பக்கத்துல நடந்தத எழுதி வைங்க. இந்த ரூப்ரிக்ல இருக்குறதெல்லாம் பக்கத்த பத்தின மார்க், பசங்கள பத்தி அதுல ஒண்ணும் இல்ல. மொத லிங்க்ல பதினஞ்சு நிமிஷம் போச்சு, மூணாவது வேஷத்துக்கு படிக்க எதுவும் பத்தல, தீர்ப்பு எழுதுறப்ப ரெண்டு குழு சத்தம் போட்டு சண்டை போட்டுச்சு, ஒரு குழு பேசாமலே ஒத்துக்கிச்சு, "கவுண்டி"ங்கற வார்த்தை யாருக்கும் புரியல. அடுத்த வருஷம் அதே பாடத்த எடுக்கப்போற டீச்சர் அந்தப் பேப்பர திருப்பி பின்பக்கத்ததான் மொதல்ல படிப்பாங்க.